நூல் பிடித்தாற்போல் பின்னால் வரவேண்டும்: என் மூன்றாவது பெஞ்ச்ரெஸ்ட் கட்டை

இது மூன்றாவது கட்டை. முதல் இரண்டும் கேரேஜ் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ரைஃபிளின் பேரல் (குழல்), குண்டைப் பூட்டி வெடிக்கும் இயந்திரமான ஆக்‌ஷன், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் எல்லாம் இரண்டு வருடமாக அதேதான், அவற்றைத் தாங்கிக் கீழே இருக்கும் கட்டை, அதாவது ஸ்டாக், மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது. பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்குக் கட்டை தேடுகிறவர்கள் நான் சுற்றிய சுற்றைச் சுற்ற வேண்டாம் என்றுதான் நடந்ததை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

இருப்பது அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் பக்கம். பெஞ்ச்ரெஸ்ட் என்பது இந்த ஊர்க்காரர்கள் உயிரைக் கொடுத்து வளர்த்த விளையாட்டு. கான்கிரீட் பெஞ்ச், முன்னால் இரும்பு ரெஸ்ட்டின் மேல் ஒரு மணல் பை, பின்னால் முயல் காது மாதிரி இரண்டு காது தூக்கிய இன்னொரு மணல் பை. ரைஃபிள் அதன் மேல் படுத்திருக்கும், நாம் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து வெடி வைக்க வேண்டும். தாளில் மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள், அதுதான் குரூப். இந்தப் போட்டிகளை நடத்தும் என்பிஆர்எஸ்ஏ சங்கம் 1951-இல் தொடங்கியது, ஐபிஎஸ் என்ற இன்னொரு சங்கம் 1970-இல். 1973-இல் மெக்மில்லன் என்பவர் 100 கஜத்தில் 0.009 அங்குலத்தில் ஐந்து குண்டு வைத்தார். அந்தச் சாதனை நாற்பது வருடம் நின்று, 2013-இல் மைக் ஸ்டினெட் 0.0077 அங்குலம் சுட்டபோதுதான் விழுந்தது. பேரைக் கேட்டதும் சிலருக்குப் புரிந்திருக்கும், மெக்மில்லன் குடும்பத்தின் தொழிலே கட்டை செய்வதுதான்.

என் ரைஃபிள் ரெமிங்டன் 700 அச்சில் செய்த ஷார்ட் ஆக்‌ஷன். அதில் 6 எம்எம் பிஆர் என்ற தோட்டாவுக்கான பேரல், 28 அங்குல நீளம், தடிமனானது, வலப்புறம் சுற்றும் முறுக்கு, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. 100 கஜம், 200 கஜப் போட்டிகளில் ராஜா 6 பிபிசி என்ற தோட்டாதான். லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1975 வாக்கில் .220 ரஷ்யன் தோட்டாவின் கேஸிலிருந்து (பித்தளைக் கூடு) உருவாக்கியது. ஆனால் அதன் கேஸ் அடிப்பகுதி சின்னது, கேஸைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டின் முகமும் அதற்கேற்ப வேண்டும். 6 பிஆர் கேஸின் அடி .308 தோட்டாவின் அளவுதான், என்னிடம் இருந்த போல்ட்டுக்கு அப்படியே பொருந்தியது. 600 கஜம் வரை சுட ஆசை இருந்ததால் 105 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்குப் போனேன்.

முதல் கட்டை ஆக்‌ஷனோடு வந்த பிளாஸ்டிக் கட்டை. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. தோளில் வைத்தால் நன்றாக இருக்கும், கையில் பிடித்தால் உள்ளங்கைக்கு அடக்கமாக இருக்கும், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. நான் அதில் சுட்டபோது ஒரு நாள் அரை அங்குலக் குரூப் வரும், மறுநாள் அதே வெடிமருந்து, அதே குண்டு, ஒரு அங்குலத்துக்கு மேல் போகும். பேரலைச் சந்தேகப்பட்டேன், ஸ்கோப் மவுண்ட்டைச் சந்தேகப்பட்டேன், மருந்தை 0.2 கிரெய்ன் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் வீட்டில், போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பேரலுக்கு அடியில் நீளும் முன்கட்டையின் நுனியையும் பேரலையும் ஒரே கையில் பிடித்துச் சும்மா அழுத்தினேன். கட்டை வளைந்து பேரலைத் தொட்டுவிட்டது! நடுவில் ஒரு டாலர் நோட்டு தாராளமாகப் போகும் இடைவெளி இருந்தது, விரலால் அழுத்தியதும் நோட்டு மாட்டிக்கொண்டு அசையவில்லை. ஏழு பவுண்டு பேரலைச் சுமந்துகொண்டு மணல் பையில் உட்காரும்போது இந்தக் கட்டை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி வளைந்திருக்கிறது. வேட்டைக்குத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கச் செய்த கட்டை அது, அந்த வேலைக்கு அது சரியாகவே இருக்கலாம்.

இரண்டாவது கட்டை ஒருவரிடம் பழையதாக வாங்கிய லேமினேட். பிர்ச் மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, பசை போட்டு அழுத்திச் செய்தது. கல் மாதிரி இருந்தது, வளையவே இல்லை. முன்கட்டையும் பட்டையாக இருந்தது. நிமிர்ந்த பிஸ்டல் பிடி, கட்டைவிரலுக்கு ஓட்டை, கன்னம் வைக்க உயர்ந்த மேடு என்று பார்க்க அவ்வளவு அழகு. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். குரூப் சுருங்கவும் செய்தது, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஸ்கோப்பின் குறுக்குக் கோடு எங்கேயோ போய் நிற்கும், மறுபடி தேடிப் பிடித்து, பின்பையைக் கசக்கி, முன்ரெஸ்ட்டைத் திருகி, குறி வைத்து முடிக்கும்போது காற்றுக் கொடி திசை மாறியிருக்கும். பக்கத்து பெஞ்சில் சுடுகிறவர் நான் இரண்டு வெடி வைப்பதற்குள் ஐந்தையும் முடித்துவிட்டுப் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

அவர் ஒரு பெரியவர், எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் அவர் என் பெஞ்சுக்கு வந்து, வெடி வைக்க வேண்டாம், போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு ரைஃபிளைக் கையால் பின்னால் இழு என்றார். 100 கஜத்தில் கட்டம் போட்ட தாள். அரை அங்குலம் இழுத்தேன். குறுக்குக் கோடு தாளில் மேலே ஏறிக்கொண்டே போனது, ஐந்து அங்குலத்துக்கு மேல், அதோடு வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தது. அடுத்து அவருடைய பெஞ்சில் என்னை உட்கார வைத்தார். அவருடைய ரைஃபிளை இழுத்தேன், அதே அரை அங்குலம். கோடு இருந்த கட்டத்திலேயே இருந்தது. முன்னால் தள்ளினேன், இருந்த இடத்துக்கே வந்து நின்றது. நூல் பிடித்தாற்போல் என்று நம் ஊரில் சொல்வோமே, அது என்ன என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இதற்கு டிராக்கிங் என்று பேர். கட்டையைத் தேர்ந்தெடுப்பதில் இதுதான் எல்லாம் என்பது என் தீர்மானமான கருத்து. பொருள் என்ன, நிறம் என்ன, பிடி எப்படி என்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஏன் கோடு ஏறியது என்று வீட்டுக்கு வந்து அளந்தேன். கட்டையின் பின்பாதியில், பையின் மேல் உட்காரும் அடிப்பக்கம் நேராக இல்லை. ஆறு அங்குல நீளத்துக்கு நாலு நூல் சாய்வு, அதாவது அரை அங்குலம். தோளில் வைக்கும் கட்டைகள் பெரும்பாலும் அப்படித்தான், பின்னால் போகப் போக ஆழம் கூடும். ரைஃபிள் பின்னால் நகரும்போது பையின் மேல் வருவது ஆழம் குறைந்த பகுதி, அதனால் பின்புறம் இறங்குகிறது, வாய் தூக்குகிறது. அரை அங்குலம் நகர்ந்தால் பின்புறம் 0.04 அங்குலம் இறங்கும். முன்ரெஸ்ட்டுக்கும் பின்பைக்கும் இடையில் 28 அங்குலம், இலக்கு 3600 அங்குலத்தில். கணக்குப் போட்டால் தாளில் ஐந்து அங்குலத்துக்கு மேல் வருகிறது, ஸ்கோப்பில் பார்த்ததும் அதுவேதான். பக்கவாட்டில் நகர்ந்ததற்கும் காரணம் கிடைத்தது. முன்கட்டையின் இரு பக்கமும் இணையாக இல்லாமல் நுனியை நோக்கி எட்டு அங்குலத்தில் ஒரு நூல் குறுகியது. பின்னால் வர வர முன்பையின் காதுகளுக்கு நடுவில் குறுகிய பகுதி வந்து பிடி தளர்கிறது.

அரை அங்குலம் நகர்வதற்குள் குண்டு எப்போதோ போயிருக்குமே, அப்புறம் எதற்கு இந்தக் கவலை என்று நானும் கேட்டேன். அதையும் கணக்குப் போடலாம். குண்டு 105 கிரெய்ன், மருந்து 30 கிரெய்ன், அதில் சராசரியாகப் பாதி எடை குண்டோடு முன்னால் ஓடுகிறது என்று வையுங்கள். ரைஃபிள் 17 பவுண்டு, அதாவது 119000 கிரெய்ன். குண்டு பேரலுக்குள் 26 அங்குலம் ஓடும்போது ரைஃபிள் பின்னால் நகர்வது சுமார் 0.026 அங்குலம், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஆறேழு தாள் தடிமன். கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. குண்டு வெளியே போவதற்குள் ரைஃபிள் நகரத் தொடங்கிவிடுகிறது, அந்த நகர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். ஒரு தடவை பையின் இடது காது பிடித்து, மறுதடவை வலது காது பிடித்தால் ஒரே மாதிரி இருக்காது. அதோடு வெடிக்குப் பிறகு ரைஃபிள் தானாகக் குறிக்குத் திரும்பி வந்துவிட்டால், காற்று மாறுவதற்குள் அடுத்த வெடியை வைத்துவிடலாம். போட்டியில் பாதி வெற்றி அங்கேதான்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு ஆசாரி பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேயே நிற்பேன். இழைப்புளியின் அடிப்பக்கத்தை அவர் வாரத்துக்கு ஒரு தடவை மூலமட்டம் வைத்துப் பார்ப்பார், கூர் தீட்டுவதைவிட அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். அடி நேராக இல்லாவிட்டால் உளி எவ்வளவு கூராக இருந்தும் பலகை அலை அலையாகத்தான் வரும். பெஞ்ச்ரெஸ்ட் கட்டையை நான் இப்போது ஒரு நீளமான இழைப்புளியாகத்தான் பார்க்கிறேன். ஓடுகிற அடிப்பக்கம்தான் அதன் முகம்.

சரி, மூன்றாவது கட்டைக்கு என்னென்ன பார்த்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் விதிப் புத்தகம். எதை வாங்குவதற்கு முன்னாலும் நீங்கள் சுடப்போகும் வகுப்பின் விதியைப் படித்துவிடுங்கள். லைட் வார்மின்ட் என்றால் ஸ்கோப்போடு சேர்த்து 10.5 பவுண்டு, ஹெவி வார்மின்ட் 13.5 பவுண்டு. முன்கட்டை அகலம் மூன்று அங்குலத்தைத் தாண்டக்கூடாது, அடி தட்டையாகவோ வெளிப்பக்கம் குவிந்தோ இருக்கலாம். பின்பக்க அடியின் சாய்வைப் பற்றியும் சில வகுப்புகளில் தனி விதி உண்டு, அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு எடை போடும் மேசையில் நிற்கக்கூடாது. எங்கள் கிளப்பில் 17 பவுண்டு வரம்பு, மூன்று அங்குல முன்கட்டை, பின்சாய்வுக்குக் கட்டுப்பாடு இல்லை. 17 பவுண்டு என்பது இங்கே ஆயிரம் கஜப் போட்டிகளின் லைட் கன் எடை. வில்லியம்ஸ்போர்ட் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது, ஆயிரம் கஜ பெஞ்ச்ரெஸ்ட்டுக்குப் பிறந்த வீடு மாதிரி. அங்கே ஒரு நாள் சுட வேண்டும் என்ற ஆசையும் மனதில் இருந்தது.

அடுத்தது எடைக் கணக்கு. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். பேரல் 7 பவுண்டு 4 அவுன்ஸ். ஆக்‌ஷன், போல்ட், ட்ரிக்கர் எல்லாம் சேர்த்து 2 பவுண்டு 12 அவுன்ஸ். ஸ்கோப்பும் வளையங்களும் 2 பவுண்டு 2 அவுன்ஸ். மொத்தம் 12 பவுண்டு 2 அவுன்ஸ். கட்டைக்கு மிஞ்சுவது 4 பவுண்டு 14 அவுன்ஸ், அதற்குள் பில்லர் (திருகு போகும் உலோகக் குழாய்), எபாக்ஸி பசை, மேல்பூச்சு எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்குதான் பொருளை முடிவு செய்தது. 10.5 பவுண்டு ரைஃபிள் கட்டுகிறவருக்கு இரண்டு பவுண்டு பக்கத்தில் கட்டை வேண்டும், அவர்கள் கார்பன் இழைக்கும் லேசான மரத்துக்கும் போகிறார்கள், விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், காத்திருப்பும் நீளம். ஃபைபர்கிளாஸ் நடுவில் நிற்கிறது. செட் பிரௌன், லீ சிக்ஸ் இருவரும் 1960-களின் கடைசியில் அதை பெஞ்ச்ரெஸ்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மரக்கட்டையின் ஆட்சி ஆட்டம் கண்டது. அது ஈரம் குடிக்காது, எடை குறைவு, வளைவும் குறைவு. வால்நட் மரம் அழகு, எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த ஊர் கோடைப் புழுக்கத்துக்கும் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வறண்ட காற்றுக்கும் நடுவில் அது அசையாமல் இருக்கும் என்று நான் நம்பவில்லை. கட்டைக்குப் பதிலாக வரும் அலுமினியச் சேசிஸ் (உலோகச் சட்டம்) பக்கம் போகவில்லை. முன்பக்கம் குறுகலானது, தனியாக மூன்று அங்குலத் தட்டு மாட்ட வேண்டும். எனக்கு நாலே முக்கால் பவுண்டு இடம் இருந்ததால் லேமினேட்டே போதும் என்று தீர்ந்தது. உறுதி உண்டு, விலை சில நூறு டாலர்தான், எல்லாவற்றுக்கும் மேலாக உப்புத்தாளாலும் அரத்தாலும் நானே திருத்திக்கொள்ளலாம்.

வடிவத்தில் நான் பிடிவாதமாக இருந்த விஷயங்கள்: முன்கட்டை முழு மூன்று அங்குலம், இரு பக்கமும் பேரலுக்கு இணை. பின்பக்க அடிக்கோடு பேரலுக்கு இணை, சாய்வே கூடாது. பேரல் எவ்வளவு கீழே உட்கார முடியுமோ அவ்வளவு கீழே. வலப்புறம் சுற்றும் முறுக்கு குண்டை வலப்பக்கம் திருப்பும்போது ரைஃபிளை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும், பேரல் உயரமாக இருந்து அடி குறுகலாக இருந்தால் அது உருண்டே தீரும். முன்கட்டை நீளமாக இருந்தால் ரெஸ்ட்டுக்கும் பைக்கும் இடையே தூரம் கூடி இன்னும் நிதானம். மேகசினுக்கு ஓட்டை வெட்டாமல் அடி மூடியதாகக் கேட்டேன், வெட்டாத இடத்தில்தான் வலு இருக்கிறது, ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் போடுகிறேன். கன்னமேடு தாழ்வாக இருக்க வேண்டும். பெஞ்ச்ரெஸ்ட்டில் பலபேர் கன்னத்தைக் கட்டையில் அழுத்துவதில்லை. இரண்டாவது கட்டையின் மேடு எவ்வளவு உயரம் என்றால் போல்ட்டை முழுதாக வெளியே இழுக்க முடியாமல் இடித்தது, ஒவ்வொரு முறை பேரலைச் சுத்தம் செய்யும்போதும் கட்டையிலிருந்து கழற்றவா முடியும்? ரப்பர் பேட் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன், தோளில் ஒட்டிப் பிடிக்கும். மெல்லிய அலுமினியத் தகடு போதும்.

இரண்டு மாதத்தில் வந்தது, பூச்சு பூசாத மொட்டைக் கட்டை. 4 பவுண்டு 6 அவுன்ஸ்.

வந்த அன்றே முன்கட்டையின் அடியை ரசமட்டத்தின் விளிம்பு வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குச் சமம், ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் முடி இழை போல ஒளிக்கீற்று தெரிந்தது. தடித்த கண்ணாடித் தகடு ஒன்றின் மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, கட்டையின் அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கண்ணாடியின் மேல் வைத்து மெதுவாக இழுத்தேன். நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன். முதலில் இரண்டு ஓரத்திலும் மட்டும் பென்சில் கோடு அழிந்தது, அப்புறம் உள்ளே வந்தது, நடுவில் ஒரு தீவு மாதிரி மிஞ்சி, கடைசியில் அதுவும் போனது. ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே ஆனது, அந்த நேரம் வீணே இல்லை. பின்பக்க அடியையும் அப்படியே. அதன் பிறகு எல்லா அளவுக்கும் இந்த முன்கட்டையின் அடிதான் ஆதாரம் என்று வைத்துக்கொண்டேன். டிரில் பிரஸ்ஸில் பில்லர் ஓட்டை போடும்போதும் அந்த அடிதான் மேசையில் உட்கார்ந்தது.

இனி பெட்டிங், எபாக்ஸியால் கட்டைக்குள் ஆக்‌ஷனுக்கு அச்சு எடுக்கும் வேலை. கட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆக்‌ஷன் அதில் இறுக்கமில்லாமல், அதே நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பலர் செய்யும் தவறு திருகை இறுக்கி அசைவை அடக்குவது.

வெட்டிய பள்ளத்தில் ஆக்‌ஷனை வைத்து எங்கே இடிக்கிறது என்று பார்க்க மெழுகுவர்த்திக் கரியை ஆக்‌ஷனின் அடியில் படியவிட்டேன். கரி ஒட்டிய இடத்தையெல்லாம் சுரண்டி, சுற்றிலும் எபாக்ஸிக்கு அரை நூல் இடம் விட்டேன். பேரல் பள்ளத்திலும் சுற்றிலும் அரை நூல். அலுமினியப் பில்லர் இரண்டையும் முதலில் தனியாக ஒட்டினேன். அடுத்த நாள் பெரிய வேலை. ஆக்‌ஷனின் முன்னால் கீழ்நோக்கி நிற்கும் ரீகாயில் லக் தகட்டின் முன்பக்கம், இரு பக்கம், அடி ஆகிய நாலிலும் டேப் இரண்டு அடுக்கு. பின்முகத்தில் மட்டும் டேப் இல்லை, உதையைத் தாங்கும் முகம் அதுதான். அது எபாக்ஸியோடு நேராகப் பொருந்த வேண்டும், மற்ற பக்கங்கள் தொடவே கூடாது. முன்கட்டை நுனியில் பேரலைச் சுற்றி டேப் சுற்றி, பேரல் பள்ளத்தின் நட்டநடுவில் நிற்கும்படி செய்தேன். ட்ரிக்கர் இடம், போல்ட் ஸ்டாப் இடம், திருகு ஓட்டை என்று எபாக்ஸி புகுந்தால் பூட்டிக்கொள்ளும் பள்ளங்களையெல்லாம் மகளின் விளையாட்டுக் களிமண்ணால் அடைத்தேன். "அப்பா, அந்த பச்சைக் கலரை மட்டும் எடுக்காத" என்றாள், சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டேன். ஆக்‌ஷன் முழுக்க நிறமில்லாத ஷூ பாலிஷ் இரண்டு கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு துடைப்பு. இதில் ஒரு நகம் அளவு இடம் விட்டுப்போனாலும் ஆக்‌ஷன் கட்டையோடு பிறந்ததாகிவிடும்.

எபாக்ஸி டெவ்கான் பிளாஸ்டிக் ஸ்டீல் புட்டி. எடையில் ஒன்பதுக்கு ஒன்று, தராசில் வைத்தே கலந்தேன், கண்ணளவு வேண்டாம். கலந்த பிறகு முக்கால் மணி நேரம் கைக்கு வசப்படும், அவசரப்பட வேண்டியதில்லை. நடுவில் அதிகமாக வைத்து, ஆக்‌ஷனை மெதுவாக மேலிருந்து அமுக்கினால் காற்று ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு வெளியே போகும். பிதுங்கி வந்ததைக் காது குடையும் பஞ்சுக் குச்சியை வெள்ளை வினிகரில் நனைத்துத் துடைத்தேன். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன்.

மறுநாள் பேரலின் அடியில் ரப்பர் சுத்தியலால் மேல்நோக்கி இரண்டு தட்டு. டக் என்று ஒரு சத்தம், ஆக்‌ஷன் மேலே வந்தது. உள்ளே ஆக்‌ஷனின் ஒவ்வொரு கீறலும் சாம்பல் நிறத்தில் அச்சு எடுத்தது போல் இருந்தது. ஆக்‌ஷனின் பின்முனையான பின்வால் பக்கம் ஒரு பட்டாணி அளவு காற்றுக்குழி. அதை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வேறு சேதி சொன்னது.

அந்தச் சோதனையை யாரும் விட்டுவிடாதீர்கள். ரைஃபிளைப் பூட்டி, டயல் கேஜின் காந்தத்தைப் பேரலில் நிறுத்தி, முனையை முன்கட்டையின் நுனியில் வைத்து, முன் திருகை மெதுவாகத் தளர்த்த வேண்டும். முள் அசையவே கூடாது, அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒன்று, ஒன்றரை பங்கு வரை பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு 0.004 அங்குலம் ஓடியது. மறுபடி இறுக்கினேன், நாலு பங்கு திரும்பி வந்தது. அதாவது திருகை இறுக்கும்போதெல்லாம் ஆக்‌ஷன் வளைந்துகொண்டு உட்கார்கிறது. யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. எபாக்ஸி காயும்போது பின் திருகைக் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கியிருந்தேன், பின்வால் கீழே இழுபட்ட நிலையிலேயே எபாக்ஸி இறுகிவிட்டது. வளைந்த ஆக்‌ஷனுக்கு அச்சு எடுத்திருக்கிறேன்.

மேல்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, சொரசொரப்பாக்கி, மறுபடி மெல்லிய படலமாக எபாக்ஸி. இந்தத் தடவை திருகே இல்லை. தலையில்லாத இரண்டு கம்பிகளை ஆக்‌ஷனில் திருகி, அவை பில்லர் வழியே வழிகாட்ட, ஆக்‌ஷன் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. மேலே ரப்பர் குழாய் ஒரே ஒரு சுற்று, ஆடாமல் இருக்க மட்டும். காற்றுக்குழியும் இதிலேயே நிரம்பியது. மறுநாள் டயல் கேஜ் முள் முக்கால் பங்கு அசைந்து நின்றது. பின் திருகுக்கும் அதேதான். திருகின் இறுக்கத்தை இப்போது 45 இன்ச் பவுண்டில் வைத்திருக்கிறேன், 30-இலிருந்து 55 வரை மாற்றிச் சுட்டும் குண்டு விழும் இடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெட்டிங் சரியாக இருந்தால் திருகின் இறுக்கத்துக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

மேல்பூச்சுக்குப் பாலியூரித்தேன், உள்ளேயும் வெளியேயும் எபாக்ஸி இல்லாத மரம் எல்லாவற்றிலும். உட்பக்கத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, ஈரம் அங்கேயிருந்துதான் ஏறும். முன்கட்டையின் அடியை மட்டும் பளபளப்பாக்காமல் மங்கலாகவே விட்டேன், அதிக மினுமினுப்பு தோல் பையில் ஒட்டிப் பிடிப்பதை இரண்டாவது கட்டையில் பார்த்திருந்தேன். எல்லாம் முடிந்து 16 பவுண்டு 14 அவுன்ஸ். இரண்டு அவுன்ஸ் இடைவெளி வேண்டும், என் தராசும் போட்டித் தராசும் ஒன்றாகச் சொல்லும் என்று உத்தரவாதம் இல்லை.

ரேஞ்சுக்குப் போன முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் சுடவே இல்லை. கட்டம் போட்ட தாளை 100 கஜத்தில் மாட்டிவிட்டு, பைகளில் டால்கம் பவுடர் தூவி, ரைஃபிளை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தேன். முதல் இழுப்பில் கோடு இடப்பக்கம் ஒரு அங்குலம் போனது. கட்டையில் குறை இல்லை, முன்ரெஸ்ட்டும் பின்பையும் ஒரே கோட்டில் இல்லை. பின்பையை அரை விரல் நகர்த்தினேன். முக்கால் அங்குலம். இன்னும் கொஞ்சம். பையின் மணலைக் கையால் தட்டிச் சமன் செய்தேன். கால் அங்குலம். அப்புறம் எத்தனை தடவை இழுத்தாலும், முன்ரெஸ்ட்டின் தடையில் இடிக்கும் வரை தள்ளினாலும், அந்தக் கால் அங்குலக் கட்டத்தை விட்டுக் கோடு வெளியே போகவில்லை. பெரியவர் அன்றைக்கும் வந்திருந்தார். ஸ்கோப்பில் கண் வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ம் என்று ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான், தன் பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

குரூப் எவ்வளவு என்று கேட்பீர்கள். இரண்டாவது கட்டையில் ஐந்து குரூப்பின் சராசரி 0.42 அங்குலம். இதில், அதே பேரல், அதே மருந்து, அதே கொடிகள், 0.29. பேரலுக்கு வயது கூடியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய மாற்றம் நேரம். ஐந்து வெடியை இப்போது ஒரே காற்றில் முடித்துவிடுகிறேன். ரைஃபிளை நான் பிடிப்பதே இல்லை, தோள் கட்டைக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளியில் இருக்கும், கட்டைவிரல் ட்ரிக்கர் கார்டின் பின்னால், சுட்டுவிரல் ட்ரிக்கரில். வெடித்ததும் தானாகப் பின்னால் வந்து தோளைத் தொடும், முன்னால் தள்ளினால் தடையில் இடித்து நிற்கும், குறுக்குக் கோடு கிட்டத்தட்ட அங்கேயே இருக்கும்.

நேற்று சுத்தம் செய்யும்போது கட்டையைத் திருப்பிப் போட்டேன். முன்கட்டையின் மங்கலான அடியில் இரண்டு பக்கமும் பை உரசிய பளபளப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளம் இடது பக்கம் இரண்டு அங்குலம் ஒரு நூல், வலது பக்கம் இரண்டு அங்குலம், அகலம் இரண்டுக்கும் ஒன்றே. பின்பக்க அடியில் மட்டும் வலது பக்கக் கோடு கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்பையின் வலது காதில் மணலைச் சற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும்.